எங்கள் கையால் அமைத்த கிடார் ஒலிபெருக்கி

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)

     

ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவோர் உண்டு. சமயம் பேசுவோர் உண்டு. ரயில்வே அலுவலகத்தில் கோப்புகளோடு காலங்கழிக்கும் குமாஸ்தாவுக்கு இம்மேடையில் என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். நாங்கள் தனியாளாக வரவில்லை. சங்கத்தின் பின்கட்டு அறையில் ஓராண்டாகக் கூடி வேலை செய்த ஒரு சிறு குழுவின் சார்பில் வந்திருக்கிறோம். அக்குழுவில் பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்ட குமாஸ்தா ஒருவர், கரக்பூர் ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்க்கும் பிட்டர் ஒருவர், பள்ளியிலும் கல்லூரியிலும் படிக்கும் பிள்ளைகள் ஐவர், சிக்னல் பகுதியிலிருந்து ஓய்வு பெற்ற வங்காளிப் பெரியவர் ஒருவர் ஆக எண்மர். சற்று முன் நம் பிள்ளைகள் கிடார் வாசித்தபோது அதன் ஒலியைப் பெருக்கித் தந்த அந்த மரப்பெட்டியே எங்கள் கைவேலை. அதை எப்படி அமைத்தோம், ஏன் அமைத்தோம், அதனால் நம் காலனிக்கு ஆவதென்ன என்னும் மூன்றையும் சொல்லி, முடிவில் உங்களிடம் ஒரு விண்ணப்பமும் செய்துகொள்ள விரும்புகிறோம்.

கிடாரும் நம் ரயில்வே காலனியும்

கிடார் நமக்கு உரிய வாத்தியமா என்று பெரியோர் சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. விடையை இரண்டு வகையாகச் சொல்லலாம்.

முதலாவது, நாம் வாழும் இடம். ரயில்வே காலனிகளில் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் நிறைந்திருந்த காலத்தில், இன்ஸ்டிட்யூட் கூடங்களில் நடந்த நடன மாலைகளில் கிடார் ஒலித்தது. வங்காளத்திலோ மடியில் கிடத்தி உலோகத் துண்டால் இழைத்து வாசிக்கும் ஹவாயன் கிடார் வீட்டு வாத்தியம் போலவே ஆயிற்று. 1940-களில் கல்கத்தாவில் தங்கியிருந்த டாவ் மோ என்னும் ஹவாய்த் தீவுக் கலைஞர் அதைப் பரப்பியவருள் ஒருவர். பிற்காலத்தில் சுனில் கங்குலி, படுக் நந்தி போன்றோர் அதில் ரவீந்திர சங்கீதமும் சினிமாப் பாட்டும் வாசித்துப் புகழ் பெற்றனர். ஆகவே இவ்வூரில் பிறந்த நம் பிள்ளைகள் கிடாரைக் கையில் எடுப்பது வியப்பன்று.

இரண்டாவது, நம் சங்கீதத்தின் வழக்கம். பிடில் நம் நாட்டில் பிறந்ததன்று; முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் அதைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தார் என்பது வரலாறு. நம் காலத்திலே மாண்டலின் யூ. ஸ்ரீநிவாஸ் (1969–2014) மின்சார மாண்டலினிலே ராகங்களை வாசித்து உலகை மகிழ்வித்தார். கருவி எங்கே பிறந்தது என்பதைக் காட்டிலும், அதில் யார் எதை வாசிக்கிறார் என்பதே பெரிது.

கணக்கரும் மின்கிடாரும்

மேலை நாட்டு நடனக் குழுக்களில் கிடாரின் மெல்லிய ஒலி, ஊதுகுழல்களுக்கு நடுவே கேட்காமற் போயிற்று. அக்குறையைத் தீர்க்க 1930-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ரிக்கன்பேக்கர் நிறுவனம் மின்கிடாரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இதன் தத்துவம் எளிது. எஃகுத் தந்திகளின் கீழே ஒரு காந்தம். அதைச் சுற்றி மயிர் போன்ற செப்புக் கம்பி ஏழாயிரம், எட்டாயிரம் சுற்று. தந்தி அதிர்ந்தால் காந்தப் புலம் அசைகிறது. அசைந்தால் சுருளில் மின்சாரம் பிறக்கிறது. 1831-இல் மைக்கேல் பாரடே கண்ட உண்மையே இது. ஆனால் பிறக்கும் மின்னழுத்தம் ஏறக்குறைய பத்தில் ஒரு வோல்ட் அளவே. அதைப் பெருக்கினால் அன்றி ஸ்பீக்கர் அசையாது.

அவ்வாறு பெருக்கும் கருவிகளைச் செய்தவருள் லியோ பெண்டர் (1909–1991) என்பவரைப் பற்றி நம்மைப் போன்ற குமாஸ்தாக்கள் அறிந்திருத்தல் வேண்டும். அவர் பொறியியற் கல்லூரியில் படித்தவரல்லர். கணக்கியல் படித்துக் கணக்கராக வேலை பார்த்தவர். பொருளாதார மந்த காலத்தில் வேலை போயிற்று. 1938-இல் கலிபோர்னியாவில் புல்லர்ட்டன் என்னும் ஊரில் ரேடியோ ரிப்பேர்க் கடை வைத்தார். அக்கடையிலிருந்தே உலகப் புகழ் பெற்ற கிடார்களும் ஆம்ப்ளிபயர்களும் பிறந்தன. வேடிக்கை யாதெனில், அவர் கடைசிவரை கிடார் வாசிக்கக் கற்றுக்கொள்ளவே இல்லை! 1950-களில் அவர் மாணவர்களுக்கென்று விற்ற 'சாம்ப்' என்னும் சிறிய ஆம்ப்ளிபயரில் இருந்தவை மூன்றே வால்வுகள். எங்கள் பெட்டிக்கும் அதுவே முன்னோடி.

வால்வு என்பது யாது?

இளைஞர்கள் பலர் வால்வைக் கண்டிருக்க மாட்டார்கள். உங்கள் தாத்தாக்கள் இலங்கை வானொலி கேட்ட மர ரேடியோவின் உள்ளே செந்நிறமாய் ஒளிர்ந்ததே, அதுதான் வால்வு. காற்று நீக்கிய கண்ணாடிக் குமிழி. அதன் நடுவே சூடேறும் ஒரு குழல். அதற்குக் கத்தோடு என்று பெயர். சூடேறினால் அதிலிருந்து எலெக்ட்ரான்கள் ஆவிபோல் வெளிப்படும். சுற்றியுள்ள தகட்டுக்கு நேர்மின்னழுத்தம் கொடுத்தால் அவை அங்கே பாயும், எதிர்த்திசையில் பாயா. ஒருவழிப் பாதை போல் அமைந்ததால் 1904-இல் பிளெமிங் என்னும் ஆங்கிலேயர் இதற்கு வால்வு என்று பெயரிட்டார். இரண்டாண்டு கழித்து 1906-இல் அமெரிக்கரான லீ டி பாரஸ்ட், கத்தோடுக்கும் தகட்டுக்கும் இடையே ஒரு கம்பி வலையை வைத்தார். கிரிட் என்னும் அவ்வலையில்தான் எல்லா வித்தையும் அடங்கியிருக்கிறது.

நம் மொழியில் சொல்வதானால், லெவல் கிராசிங் கேட்டில் நிற்கும் கேட்மேனை எண்ணிப் பாருங்கள். அவர் கை சிறிது அசைந்தால் நூறு வண்டிகள் நிற்கின்றன. மீண்டும் அசைந்தால் நூறு வண்டிகள் ஓடுகின்றன. வண்டிகளை ஓட்டும் வலிமை அவரிடம் இல்லை. ஓட்டத்தை ஆளும் அதிகாரமே அவரிடம் இருக்கிறது. கிரிட்டும் அவ்வாறே. கிடாரிலிருந்து வரும் அற்ப மின்னழுத்தம் கிரிட்டை அசைக்கிறது. சுவர் பிளக்கிலிருந்து பெற்ற பெரிய மின்னோட்டம் அதற்கிணங்கக் கூடிக் குறைகிறது. பெருக்குதல் என்பது இதுவே.

1947-இல் டிரான்சிஸ்டர் கண்டுபிடிக்கப்பட்டபின் வால்வு மெல்ல மறைந்தது. பெங்களூரின் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1961-இல் ரேடியோ வால்வுகள் செய்யத் தொடங்கியது. அந்தத் தொழிலும் பின்னர்ப் பழங்கதையாயிற்று. ஆயினும் கிடார் வாசிப்போர் வால்வை விடவில்லை. இன்றும் ஸ்லோவாகியா, ரஷ்யா, சீனா ஆகிய நாடுகளில் அது செய்யப்படுகிறது.

ஏன் விடவில்லை? பலமாக மீட்டும்போது வால்வு திடீரென்று ஒலியை வெட்டுவதில்லை, மெல்ல வளைக்கிறது. எங்கள் பெட்டியைப் போல ஒரே இறுதி வால்வு உள்ள கருவியில், அவ்வாறு வளையும்போது பிறக்கும் துணை ஒலிகளுள் முதன்மையானது இரு மடங்கு அதிர்வுடையது. சங்கீதம் அறிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டுவதில்லை. இரு மடங்கு என்பது மேல் ஸட்ஜம். மும்மடங்கு என்பது அதற்கும் மேலுள்ள பஞ்சமம். தம்புராவின் ஒற்றைத் தந்தியிலேயே பல சுரங்கள் கேட்கின்றன அல்லவா? ஏறக்குறைய அது போன்ற ஒரு நிறைவை வால்வு கூட்டித் தருகிறது.

பேரேட்டுக் கணக்கு

எங்கள் குழு முதலில் கையில் எடுத்தது ஸால்டரிங் அயன் அன்று. நாற்பது பக்க நோட்டுப் புத்தகம். குமாஸ்தாக்களுக்கு வரவு செலவு எழுதுவதில் பயமில்லை. மின்சாரமும் ஒரு வரவு செலவே.

கடைசியில் ஸ்பீக்கரை இயக்கும் வால்வின் பெயர் 6வி6. உற்பத்தியாளர் தரும் அட்டவணைப்படி அது 250 வோல்ட்டில் 45 மில்லி ஆம்பியர் இழுக்கும். பெருக்கிப் பார்த்தால் 11¼ வாட். அது தாங்கக்கூடிய எல்லை 12 வாட். எல்லைக்குள் இருக்கிறது, சரி. கிரிட், கத்தோடைவிட 12½ வோல்ட் தாழ்ந்திருக்க வேண்டும். அதற்குக் கத்தோடின் கீழே ஒரு மின்தடை வைத்தால் போதும். தகட்டு மின்னோட்டமும் அதனுடன் சேரும் ஸ்கிரீன் மின்னோட்டமும் ஆக 49½ மில்லி ஆம்பியர். 12½ வோல்ட்டை அதனால் வகுத்தால் ஏறக்குறைய 250 ஓம். கடையில் கிடைப்பது 270. அதையே வைத்தோம்; வால்வு சற்றுக் குளிர்ச்சியாக ஓடும்.

அடுத்து டிரான்ஸ்பார்மர். வால்வு விரும்புவது 5000 ஓம் சுமை. ஸ்பீக்கரோ 8 ஓம். இவ்விரண்டையும் இணைத்து வைக்கும் தரகரே அவுட்புட் டிரான்ஸ்பார்மர். 5000-ஐ 8-ஆல் வகுத்தால் 625. அதன் வர்க்கமூலம் 25. ஆகவே ஒரு பக்கம் இருபத்தைந்து சுற்றுக்கு மறுபக்கம் ஒரு சுற்று. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை இக்கணக்கைத் தானே போட்டு, '25' என்று முழு எண் வந்ததும் துள்ளிக் குதித்தான். வர்க்கமூலம் எதற்கு உதவும் என்று அதுவரை அவன் வாத்தியாரைக் கேட்டுக்கொண்டிருந்தானாம்!

இறுதி வால்வின் கிரிட்டுக்கு 12½ வோல்ட் உச்சம் உள்ள அலை வேண்டும். கிடார் தருவது பத்தில் ஒரு வோல்ட். 12ஏஎக்ஸ்7 என்னும் சிறு வால்வின் ஒரு பாதி ஏறக்குறைய அறுபது மடங்கு பெருக்கும், ஆறு வோல்ட் கிடைக்கும், அது போதாது. ஆனால் அதே குமிழிக்குள் இன்னொரு பாதியும் இருக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் தேவைக்கு மேலே கிடைக்கும். மிஞ்சுவதை இடையில் வைத்த வால்யூம் திருகால் குறைத்துக்கொள்ளலாம்.

ஒரு வால்வின் தகட்டில் நிற்கும் நூற்றைம்பதுக்கு மேற்பட்ட வோல்ட் அடுத்த வால்வின் கிரிட்டுக்குப் போய்விடக் கூடாது; பாட்டு மட்டுமே போக வேண்டும். அதற்கு இடையே 0.022 மைக்ரோ பாரட் கண்டென்சர் ஒன்றைக் காவல் வைக்கிறோம். அதற்கடுத்த 2,20,000 ஓம் மின்தடையோடு சேர்த்துக் கணக்கிட்டால், நொடிக்கு 33 அதிர்வுக்குக் கீழானவற்றை அது தடுக்கும். கிடாரின் மிகத் தாழ்ந்த தந்தியின் அதிர்வு 82. எனவே பாட்டுக்கு இழப்பில்லை.

மொத்த வரவு செலவைக் கேளுங்கள். வால்வுகளைச் சூடாக்க 15 வாட். தகடுகளுக்கு 15 வாட். ஆக 30 வாட் செலவு. ஸ்பீக்கருக்குப் போய்ச் சேருவது 4½ வாட். அதிலும் பெரும்பகுதி ஸ்பீக்கரின் சுருளிலேயே வெப்பமாகிவிடுகிறது. நூற்றில் சில பங்கே ஒலியாகிறது. எந்த ஆடிட்டரும் ஒப்புக்கொள்ளாத கணக்கு! ஆனால் அந்தச் சிறு பங்கே இக்கூடத்தை நிரப்பியதைச் சற்று முன் கேட்டீர்கள்.

கட்டிய விதம்

கல்கத்தாவின் சாந்தினி மார்க்கெட்டில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் அலைந்து சாமான்கள் சேர்த்தோம். மின்சாரத்தை ஒருவழிப்படுத்தும் 5ஒய்3 வால்வு பழைய இருப்பிலிருந்து கிடைத்தது. இரண்டு டிரான்ஸ்பார்மர்களையும் மோட்டார் ரீவைண்டிங் செய்யும் உள்ளூர்த் தொழிலாளி சுற்றிக் கொடுத்தார். அவுட்புட் டிரான்ஸ்பார்மரின் வழியே எந்நேரமும் ஒரே திசையில் மின்னோட்டம் செல்வதால், இரும்புத் தகடுகளை ஒன்றின்மேல் ஒன்று பின்னாமல், நடுவே மெல்லிய காகிதம் வைத்து இடைவெளி விட வேண்டும். இல்லையேல் இரும்பு காந்தத்தால் நிறைந்து மந்தமாகிவிடும். மோட்டார் சுற்றுபவருக்கு இது புதுமை. வங்காளிப் பெரியவர் அருகிலிருந்து சொல்லிக் கொடுத்தார்.

அப்பெரியவரைப் பிள்ளைகள் 'தாது' என்று அழைக்கிறார்கள். வங்காளியில் தாத்தா என்று பொருள். வால்வு ரேடியோக்களைப் பழுது பார்த்துப் பழகிய கை. இப்போது விரல் நடுங்குகிறது, கண்ணும் மங்கிவிட்டது. ஆகவே அவர் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் ஈயப்பற்று வைத்தார்கள். ஈயத்தை இரும்பின் முனையில் உருக்கித் தடவக் கூடாது. இணைப்பைச் சூடாக்கி, அந்தச் சூட்டிலே ஈயம் தானாக ஓட வேண்டும். ஓடிய ஈயம் பளபளத்தால் நல்ல பற்று. பார்வை மங்கிய அவர், ஒவ்வொரு கம்பியையும் விரலால் இழுத்துப் பார்த்தே தேர்ச்சி கொடுத்தார்.

முதன்முதல் மின்சாரம் கொடுக்கும்போது நேரே பிளக்கில் செருகவில்லை. அறுபது வாட் பழைய இழை பல்பு ஒன்றைத் தொடராக இணைத்தோம். உள்ளே எங்கேனும் ஷார்ட் இருந்தால் பல்பு பிரகாசமாக எரியும், பெட்டி பிழைக்கும். பல்பு மங்கலாக எரிந்தது. வால்வுகள் செம்மை பூத்தன. எட்டுப் பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றோம்.

ஹம்மிங் என்னும் பூதம்

கையால் அமைத்த ஒலிபெருக்கி எதுவானாலும் முதலில் பாடும் பாட்டு 'ம்ம்ம்' என்பதே. இதை அடக்குவதுதான் உண்மையான கல்வி. நம் மின்சாரம் நொடிக்கு 50 முறை மாறுவது. அதை நேராக்கிய பின் எஞ்சும் சிற்றலை 100 முறை அசைவது. கிடாரின் தாழ்ந்த தந்திக்கு மிக அருகில் இருப்பதால், இந்த ஓசையை வடிகட்டப் போனால் பாட்டும் சேர்ந்து போய்விடும். வருமிடத்தைக் கண்டுபிடித்து அடைப்பதே வழி.

பேரேட்டில் பத்து ரூபாய் குறைந்தால் நாம் என்ன செய்கிறோம்? பக்கம் பக்கமாகப் பிரித்துப் பார்க்கிறோம். இங்கும் அதுவே முறை. 12ஏஎக்ஸ்7 வால்வைப் பிடுங்கிவிட்டால் இரைச்சல் நிற்கிறதா? நின்றால் குற்றம் முற்பகுதியில்; நிற்காவிடில் வடிகட்டும் கண்டென்சர்களில். வால்யூமைக் குறைத்தால் குறைகிறதா? குறைந்தால் திருகுக்கு முன்னே. கிடாரைக் கழற்றினால் ஓய்கிறதா? ஓய்ந்தால் பெட்டி நிரபராதி.

இவ்வாறு தேடி நான்கு வாயில்களை அடைத்தோம். வால்வுகளைச் சூடாக்கும் இரு கம்பிகளையும் கயிறு போல் முறுக்கினோம். ஒன்றின் காந்தப் புலத்தை மற்றொன்று அழிக்கும். எர்த் கம்பிகள் அனைத்தையும் ஒரே புள்ளியில் சேர்த்தோம். இரு டிரான்ஸ்பார்மர்களையும் ஒன்றுக்கொன்று செங்குத்தாகத் திருப்பித் தள்ளி வைத்தோம். வடிகட்டும் கண்டென்சர்களை ஒன்றன்பின் ஒன்றாக மூன்று படியாக்கினோம். ஐந்தாவது வாயில் பெட்டியிலேயே இல்லை. கூடத்தின் பழைய டியூப்லைட் சோக்குகளில் இருந்தது. கிடாரின் சுருள் அதையும் கேட்டுச் சொல்கிறது. விளக்கை அணைத்ததும் அமைதி. 'பூதம் போய்விட்டது' என்று தாது சொன்ன அன்று, பிள்ளைகள் அவருக்கு ரசகுல்லா ஊட்டினார்கள்.

உயிருக்கு அஞ்சுதல்

இனிச் சொல்லப்போவதைத் தாய்மார்கள் கூர்ந்து கேட்க வேண்டுகிறோம். வேலை நடந்துகொண்டிருந்தபோது ஒரு தாய் அறை வாயிலில் வந்து நின்றார். "அண்ணா! இந்தப் பெட்டி என் பிள்ளையை அடிக்குமா, அடிக்காதா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்" என்றார். "அடிக்கும் அம்மா. கவனம் தவறினால் கொல்லவும் கொல்லும்" என்று உள்ளதைச் சொன்னோம். அவர் முகம் வெளிறிற்று. மகனின் கையைப் பற்றினார். "எப்படி அடிக்காமல் பார்த்துக்கொள்கிறோம் என்பதை நாங்கள் சொல்லப் போவதில்லை, உங்கள் மகனே சொல்லட்டும். அவன் சொல்வது உங்களுக்கு நிறைவாக இல்லையானால் அழைத்துப் போய்விடுங்கள்" என்றோம்.

பையன் சொன்னான்: "அம்மா, பிளக்கைப் பிடுங்கினாலும் இதற்குள்ளே மின்சாரம் தங்கியிருக்கும். கண்டென்சர் அதைத் தேக்கி வைக்கும். அதை வடிக்க ஒரு ரெஸிஸ்டர் வைத்திருக்கிறோம். அது 2,20,000 ஓம். கண்டென்சர் எல்லாம் சேர்த்து 64 மைக்ரோ பாரட். பெருக்கினால் பதினான்கு நொடி. அதைப் போல் ஐந்து பங்கு பொறுத்தால் 280 வோல்ட் இரண்டு வோல்ட்டாகிவிடும். நாங்கள் இரண்டு நிமிடம் பொறுப்போம். பிறகும் மீட்டரால் பார்க்காமல் தொட மாட்டோம். நீங்களே பாருங்கள்." தாயின் கையில் மீட்டரின் முனைகளைக் கொடுத்தான். எண்கள் இறங்கிச் சுழியம் ஆவதை அவரே கண்டார். மறு வாரம் மகனை அவரே கொண்டுவந்து விட்டார்.

இந்த அச்சம் வீண் அச்சம் அன்று. 1972-ஆம் ஆண்டு மே மாதம் வேல்ஸ் நாட்டின் ஸ்வான்ஸி நகரில் லெஸ்லி ஹார்வி என்னும் கிடார்க் கலைஞர், எர்த் சரியில்லாத மைக்கை மேடையில் தொட்டு இறந்தார். 1976-இல் கீத் ரெல்ப் என்னும் ஆங்கிலப் பாடகர், எர்த் சரியில்லாத மின்கிடாரை வீட்டில் வாசிக்கையில் மாண்டார். கிடாரின் தந்தி பெட்டியின் எர்த்தோடு இணைந்திருக்கிறது என்பதை மறவாதீர்கள். அந்த எர்த் பொய்யானால், வாசிப்பவன் கை வைப்பது நேரே மின்கம்பியின் மீதுதான்.

ஆகவே எங்கள் அறையில் சில விதிகள் உண்டு. தனியே எவரும் வேலை செய்யலாகாது. பிளக்கைப் பிடுங்கி மேசை மீது கண்ணில் படும்படி வைக்க வேண்டும். அளக்கும்போது இடக்கை சட்டைப்பையில் இருக்க வேண்டும்; இரு கையாலும் தொட்டால் மின்சாரம் நெஞ்சின் வழியே செல்லும். மூன்றுமுனைப் பிளக்கும் நல்ல எர்த்தும் இன்றிப் பெட்டிக்கு மின்சாரம் இல்லை. ஸ்பீக்கரை இணைக்காமல் இயக்கக் கூடாது. சிலர், "சுவரில் ஆர்.சி.சி.பி. காவல் இருக்கிறதே, இனிப் பயம் என்ன?" என்கிறார்கள். அது சுவரிலிருந்து வரும் மின்சாரத்துக்கே காவல். டிரான்ஸ்பார்மருக்கு அப்பாலுள்ள 280 வோல்ட்டில் ஒருவன் சிக்கினால் அதற்குத் தெரியவே தெரியாது.

இந்திய ரயில்வே 1957-இல் 25,000 வோல்ட் மின்தொடர் முறையை ஏற்றுக்கொண்டது. அக்கம்பிகளின் கீழே வளர்ந்தவர்கள் நம் பிள்ளைகள். வேகன் கூரைமேல் ஏறக் கூடாது என்பது அவர்களுக்குத் தாய்ப்பாலோடு ஊட்டிய பாடம். அஞ்ச வேண்டியதற்கு அஞ்சி, அறிந்து, அதனோடு வேலை செய்பவர்கள் நாம். அந்தப் பண்பையே பிள்ளைகளுக்குக் கற்பித்திருக்கிறோம்.

செலவும் மறுப்பும்

கணக்கை மறைக்க விரும்பவில்லை. வால்வுகள் மூன்றும் 5,400 ரூபாய், டிரான்ஸ்பார்மர்கள் 2,600, ஸ்பீக்கர் 2,300, கண்டென்சர், ரெஸிஸ்டர் முதலியன 1,100, பலகையும் அலுமினியமும் 700. ஆக 12,100 ரூபாய். சங்கம் கொடுத்தது 5,000. மீதி 7,100-ஐக் குழுவினர் தங்களுக்குள் திரட்டினோம். இதே அளவு ஒலி தரும் டிரான்சிஸ்டர் பெட்டியைக் கடையில் இதைவிடக் குறைவாக வாங்கலாம் என்று பொருளாளர் சொன்னார். அவர் சொன்னது உண்மை. ஒலி மட்டுமே வேண்டுமானால் அதை வாங்குவதே அறிவுடைமை.

ஆனால் கடைப்பெட்டியை வாங்கியிருந்தால், கணக்குப் பாடத்தில் பின்தங்கிய பிள்ளை வர்க்கமூலத்தைக் கண்டு துள்ளியிருக்க மாட்டான். சங்கத்துக்குச் சிற்றுண்டிக்கு மட்டும் வந்து போன பிள்ளைகள் வாரம் இரு மாலை வந்து உட்கார்ந்திருக்க மாட்டார்கள். தாதுவின் கையிலிருந்த வித்தை அவரோடே போயிருக்கும். இன்னொன்றும் உண்டு. பெட்டியின் பின்புறத்தை வந்து பாருங்கள். ஸ்டேஷன் பெயர்ப் பலகையைப் போல மூன்று எழுத்தில் எழுதியிருக்கிறது. ஆங்கிலத்தில் கல்லூரி மாணவர் எழுதினார். வங்காளியில் தாது எழுதினார். தமிழில், "எச்சரிக்கை: 280 வோல்ட். பிளக்கைப் பிடுங்கி, இரண்டு நிமிடம் பொறுத்து, அளந்து பார்த்துத் திற" என்று எழுதியவன் பன்னிரண்டு வயதுப் பிள்ளை. தமிழ் பேசுவான், எழுத அறியாதவன். அந்த ஒரு வாக்கியத்துக்காக மூன்று வாரம் எழுத்துப் பழகினான். உயிர் காக்கும் வாக்கியம் பிழையாக இருக்கலாகாது என்பதற்காக ஒற்றுப் பிழையையும் கேட்டுத் திருத்திக்கொண்டான். தமிழ் வகுப்புக்கு வர மறுத்தவன், இன்று அதில் முன்வரிசையில் இருக்கிறான்.

எங்கள் விண்ணப்பம்

அடுத்த பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் வரவிருக்கிறது. பின்கட்டு அறையைச் சரக்கு வைக்க மாதம் 3,000 ரூபாய்க்கு வாடகைக்கு விட்டு, அத்தொகையைத் தமிழ் வகுப்பு ஆசிரியரின் மதிப்பூதியத்துக்குப் பயன்படுத்தலாம் என்பது அதன் சாரம். நோக்கம் உயர்ந்தது, கொண்டுவந்தவர்கள் சங்கத்துக்காக உழைத்தவர்கள். அவர்களோடு எங்களுக்குப் பிணக்கில்லை. ஆசிரியருக்கு ஊதியம் கிடைத்தே ஆக வேண்டும். ஆனால் அறை போனால் மேசை போகும். மேசை போனால் பிள்ளைகள் கலைந்து போவார்கள்.

ஆகவே நாங்கள் ஒரு மாற்று வழி சொல்கிறோம். அவ்வறையைச் சங்கமே வைத்துக்கொள்ளட்டும். வாரம் இரு மாலை எங்களுக்கு. மற்ற மாலைகளில் தமிழ் வகுப்பு அங்கேயே நடக்கட்டும். காலனி வீடுகளின் மின்விசிறி, மிக்ஸி, ரேடியோ, மைக் செட் ஆகியவற்றை எங்கள் குழு பழுது பார்க்கும்; வரும் கூலி முழுவதும் ஆசிரியரின் மதிப்பூதியத்துக்கே. குறையும் தொகையை முதல் ஓராண்டுக்கு எங்களுள் சம்பளம் வாங்கும் இருவரும் மாதந்தோறும் ஈடு செய்வோம். ஓராண்டு கழித்துக் கணக்கைப் பாருங்கள். பயனில்லை என்று கண்டால், சாவியை நாங்களே செயலாளர் கையில் ஒப்படைப்போம்.

தாதுவுக்கு அடுத்த மாதம் கண்ணில் அறுவை நடக்க இருக்கிறது. பார்வை தெளிந்ததும் பிள்ளைகள் வைத்த பற்றுக்களைத் தம் கண்ணால் பார்க்க வேண்டும் என்று ஆவலோடு இருக்கிறார். அப்போது அந்த மேசை அங்கேயே இருக்க வேண்டும் என்பது எங்கள் ஆசை. முடிவு செய்ய வேண்டியவர்கள் நீங்கள்.